முஸ்திக்குப் பிடித்த எலும்பு

லெம்பி ஹார்யுவின் நாய்க்குப் பன்றி எலும்பு பிடிக்காது. உப்பில் ஊறிய தொடை எலும்பை முகர்ந்துகூடப் பார்க்காது. மாட்டின் முழங்கால் மூட்டு என்றால் உயிர். அதையும் முழுதாகப் போட்டால் ஆகாது. ரம்பத்தில் குறுக்கே அறுத்து, உள்ளே மஜ்ஜை தெரிய வேண்டும். கூடவே வால் துண்டு ஒன்றிரண்டு சேர்ந்துவிட்டால் அன்று அதற்குத் திருநாள்.

இதெல்லாம் ஒர்வில் பெனுவாவுக்கு மனப்பாடம். அவர் நெகானி என்ற இரும்புச் சுரங்க ஊரில் மேட்டுத் தெருக் கடையில் கறி வெட்டுகிறவர். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவர். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை தொங்கியது. தன்னிடம் எலும்பு வாங்கிப் போகிற நாய்களின் படங்களை அதில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். பல் டாக்டர் வீட்டு வேட்டை நாய், பாதிரியாரின் நொண்டி நாய், தபால்காரரைக் கடித்த நாய், எல்லாம் இருந்தன. முஸ்தியின் படம் மட்டும் இல்லை. பலகையின் நடுவில் அதற்கென்று ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

"இந்த வாரமாவது கொண்டாந்தீங்களா, மிஸஸ் ஹார்யு?"

"காமிராவைக் கண்டா கட்டிலுக்கு அடியில போயிடுது, ஒர்வில்."

"அவ்வளவு பெரிய நாயி கட்டிலுக்கு அடியில எப்படிப் போகும்?"

"அதான் எனக்கும் புரியல."

அவர் சிரித்துக்கொண்டே பையைக் கட்டிக் கொடுப்பார். எலும்புக்குக் காசு வாங்கமாட்டார். நாய்க்கு என்று கேட்டால் சும்மா கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். லெம்பி பையை வாங்கி, காப்பித் தூளுக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவாள்.

லெம்பியிடம் நாய் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அந்த நாய் பிறந்தது அவள் கணவன் வைனோ முதுகு ஒடிந்து சுரங்கத்திலிருந்து வீட்டுக்கு வந்த வருஷம். இரும்புச் சுரங்கத்தில் பாறை துளைக்கிற இயந்திரத்தோடு பாதி ஆயுளைக் கழித்தவன். கம்பெனி ஏதோ கொடுத்தது. அது அடுப்பு எரியவும் வரி கட்டவும் போதும். மற்றதற்கு யோசிக்க வேண்டும்.

அந்த முதல் வாரமே சர்ச் ஆட்கள் ஒரு அட்டைப் பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். தகர டப்பாக்களில் சூப், பட்டாணி, நூடுல்ஸ். கதவைக்கூடத் தட்டவில்லை, சங்கடமாக இருக்கும் என்று. வைனோ பெட்டியைப் பார்த்தான். பூட்ஸ் மாட்டினான். குனியவே முடியாதவன் குனிந்து அதைத் தூக்கினான்.

"எங்க போற? டாக்டர் என்ன சொன்னாரு?"

"நாய்க்குப் போடற மாதிரி வாசல்ல வெச்சுட்டுப் போறானுங்க."

பனியில் கால் புதையப் புதைய சர்ச் வரைக்கும் நடந்து, பெட்டியை அங்கே வைத்துவிட்டு வந்தான். பிறகு ஒரு வாரம் படுத்த படுக்கை. அதற்கப்புறம் அந்த வீட்டில் எதையும் யாரும் சும்மா கொடுக்க முடியாது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. லெம்பிக்கும் தெரிந்துவிட்டது.

அதே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கறிப் பகுதியில் நின்றிருந்தாள். சூப்புக் கறியின் விலையைப் பார்ப்பதும், வேறெங்கோ பார்ப்பதுபோல் திரும்பி மறுபடி பார்ப்பதுமாக இருந்தாள். அவளுக்கு முன்னால் பல் டாக்டரின் மனைவி. "நாய்க்கு" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். ஒர்வில் ஒரு பை நிறைய எலும்பை நீட்டினார். ஒவ்வொரு எலும்பிலும் சதை தொங்கியது. லெம்பியின் அம்மா அதை வைத்துக் கல்யாணச் சாப்பாடே போட்டிருப்பாள்.

"உங்களுக்கு?"

"எனக்கும் அதேதான்."

"நாயா? எப்போ வாங்கினீங்க?"

"வாங்கல. தானா வந்து சேந்துச்சு."

"என்ன நெறம்?"

"கறுப்பு. பெருசு."

"பேரு?"

"முஸ்தி."

ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பங்களில் கறுப்பு நாய்க்கு யோசிக்காமல் வைக்கிற பேர் அது. லெம்பியும் யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே ஆச்சரியமாக இருந்தது. ஞாயிறுதோறும் சர்ச்சில் காப்பி ஊற்றுகிறவள். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் ஜாதி. அன்றைக்குக் காது சிவந்ததா என்று கார்க் கண்ணாடியில் பார்த்தாள். குளிரில் ஏற்கெனவே சிவந்திருந்தது.

காசு குறைந்ததால் ஆரம்பித்த காரியம். ஆனால் காசுக்காக மட்டும் அது நடந்துகொண்டிருக்கவில்லை. எலும்புக்குள் என்ன இருக்கிறது என்று லெம்பிக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முதல் பையைத் தண்ணீரில் போட்டு அப்படியே கொதிக்க விட்டாள். சாம்பல் நிறத்தில், துணி அலசிய தண்ணீர் மாதிரி வந்தது. அடுத்த பையை ஓவனில் வைத்துக் கருஞ்சிவப்பாக வறுத்துக்கொண்டாள். மணம் வந்தது, ஆனால் சாறு மெலிந்திருந்தது. கேஸ் அடுப்பில் நாளெல்லாம் வைத்தால் சாறு திரளும். கேஸ் பில்லும் திரளும். ஒரு மாதம் இதையே மண்டையில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மாலை சௌனாவில் உட்கார்ந்து வியர்வை வடியும்போது கண்ணுக்கு எதிரிலேயே விடை இருந்தது. கொல்லையில் மரத்தால் கட்டிய குளியல் அறை. நடுவில் விறகு அடுப்பு, அதன் மேல் கல். குளித்து முடித்து ஆட்கள் வெளியே வந்த பிறகும் அந்த அடுப்பு விடிய விடியச் சூடாக இருக்கும். யாருக்கும் பிரயோஜனமில்லாத சூடு.

கல்லை ஓரமாக ஒதுக்கி, வறுத்த எலும்பைப் பெரிய இரும்புப் பானையில் போட்டு அதன் மேல் வைத்தாள். வெங்காயத்தைத் தோலோடு போட்டாள், நிறத்துக்கு. கிராம்பு மணம் அடிக்கிற உருண்டை மிளகு ஒரு கை. இரண்டு விறகை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்து திறந்தபோது அறை முழுக்கப் பசி மணத்தது. சாறு பழுப்புத் தங்கமாக இருந்தது. கொஞ்சம் ஆறியதும் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

அந்தப் பானையிலிருந்து ஒரு வாரச் சாப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மொயக்கா: சாறு, உருளைக்கிழங்கு, காரட், ருட்டபேகா கிழங்கு, எலும்பிலிருந்து உதிர்ந்த கறி. மேலே உறைந்த கொழுப்பைத் தனியே எடுத்து வைத்து, வாரம் பூராவும் அதில் கிழங்கு வறுப்பாள். மிச்சக் கறியை மாவுக்குள் மடித்துச் சுட்டால் பாஸ்டி. கடைசியில் நிற்கிற சாற்றில் காய்ந்த பட்டாணி. ருட்டபேகாவை இலையுதிர் காலத்தில் பண்ணைக்காரனிடம் மூட்டையாக வாங்கி, நிலவறையில் மணலுக்குள் புதைத்து வைப்பாள். பழைய சுரங்கக் குடியிருப்பில் ஆளில்லாத வீடுகளின் ஆப்பிள் மரங்கள் எதெது எப்போது பழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். நேற்றைய ரொட்டியைப் பாதி விலைக்கு வாங்கிச் சர்க்கரையும் பட்டையும் தூவி உலர்த்தி, காப்பியில் தோய்க்கிற ரஸ்க் செய்வாள்.

மூன்று பொருளில் மட்டும் கை வைக்கமாட்டாள். வெண்ணெய், காப்பி, ஏலக்காய். ஏலக்காயை விதையாக வாங்கி, நிசு ரொட்டி பிசைகிற அன்றைக்குத்தான் இடிப்பாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெண்ணெய் விலை இறங்கும்போது வாங்கி ஃப்ரீசரின் அடியில் அடுக்குவாள். வெண்ணெயில் குறைத்தால் வீடு அன்றைக்கே ஏழை வீடாகிவிடும் என்பது அவள் எண்ணம். மார்கரின் என்ற சொல்லை அவள் கெட்ட வார்த்தைபோல்தான் உச்சரிப்பாள்.

வைனோ சாப்பிட்டான். சாப்பிட்டு, சிநேகிதர்களையும் கூட்டிவந்தான். மான் வேட்டை முடிந்து வருகிற பழைய சுரங்கத்து ஆட்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள்.

"எப்படிடா சமாளிக்கிற? எங்க வீட்டுல டப்பா சூப்புதான்."

"என் பொண்டாட்டி கறிக்கு மட்டும் காசு பாக்கமாட்டா," என்பான் வைனோ.

லெம்பி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவன் சொன்னது நிஜம்தான். கறிக்கு அவள் காசைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் நாய் எலும்பு என்று தெரிந்தால் அவன் அந்தப் பானையை என்ன செய்வான் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. பூட்ஸ் மாட்டுவான். பானையைத் தூக்குவான். அதை எங்கே கொண்டுபோய் வைப்பான் என்பதுதான் தெரியாது.

இடைஞ்சல் எதுவும் வரவில்லை. வைனோ கடைக்குப் போகிறவன் இல்லை. ஒர்வில் கத்தோலிக்க சர்ச், இவர்கள் லூதரன். இருவரும் சந்திக்க ஊரில் வேறு இடமே கிடையாது.

ஆனால் ஒர்வில் கேள்வி கேட்கிறவர். எந்த நாயைப் பற்றியும் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பையை விடமாட்டார். முஸ்தி எப்படி இருக்கு? முதுகு சரியில்லை, படிக்கட்டு ஏறினால் முனகுது. காலையில்? காப்பி வாசனை வந்தப்புறம்தான் எழுந்திருக்கும், அதுவரைக்கும் பக்கத்தில் போகக்கூடாது. புது ஆட்களைக் கண்டால்? மூஞ்சியைத் திருப்பிக்கும். சொல்லிக்கொண்டே வரும்போது லெம்பிக்கு ஒரு சந்தோஷம் வந்தது. ஒரு வாரம் சும்மா வாய் வந்த போக்கில், முஸ்தி முள்ளம்பன்றியிடம் மாட்டிக்கொண்டு மூக்கெல்லாம் முள்ளோடு வந்தது என்றாள். ஒர்வில் அடுத்த இரண்டு வாரம் அந்த மூக்கைப் பற்றியே விசாரித்தார். ஆறிவிட்டது என்று சொன்ன பிறகுதான் நிம்மதியானார்.

முஸ்திக்குப் பதினோரு வயதானது. மார்ச் மாதம். பனி இன்னும் இடுப்புயரம் கிடந்தது. ஒர்வில் பையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"மிஸஸ் ஹார்யு, இந்த வாரத்தோட நான் நிறுத்திக்கறேன். கை நடுங்குது. ரம்பத்துக்கும் எனக்கும் இனிமே ஒத்துவராது."

"அடடா. உங்களை விட்டா யாரு?"

"ஒரு பொண்ணு வருது. கெட்டிக்காரி. அது இருக்கட்டும். போறதுக்கு முன்னாடி என் நாய்ங்களை எல்லாம் ஒரு தடவை நேர்ல பாத்துடலாம்னு இருக்கேன். வீடு வீடா. கையில ஒரு பொட்டலம். உங்க வீட்டுக்கு சனிக்கிழமை சாயங்காலம்."

"அய்யோ, முஸ்தி வெளியாளைக் கண்டா கடிக்கும்."

"என்னையா? இத்தன வருஷம் சோறு போட்டவன். வாசனைலயே கண்டுபுடிச்சுடும்." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அறுத்த எலும்பைத்தான் கேக்குது. எங்க வீட்டு நாயி முழுசாக் குடுத்தாத்தான் தொடும். இது அந்த மஜ்ஜையை எப்படி எடுக்குது? நாக்காலயா? படுத்தா தூக்கமில்ல, இதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"அது ஒரு மாதிரி எடுக்கும்," என்றாள் லெம்பி. மொயக்கா கிண்ணத்துக்குப் பக்கத்தில் தான் வைக்கிற சின்னக் கரண்டி நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து ஊரிலிருக்கிற தங்கை ஹெல்மிக்கு போன் செய்தாள்.

"ஹெல்மி, உன் நாயை ஒரு நாளைக்குக் குடு."

"எதுக்கு?"

"ஒருத்தர் பாக்கணுமாம்."

"என் நாயையா? அதைப் பாக்க என்ன இருக்கு? முயல் சைஸு."

"கறுப்பா பெருசா ஒண்ணும் கெடைக்காதா உங்க ஊர்ல?"

"அக்கா, நீ என்ன குடிச்சிருக்கியா?"

"சௌனா கரியைத் தடவினா?"

"யார் மேல?"

"உன் நாய் மேலதான்."

ஹெல்மி போனை வைத்துவிட்டாள்.

செத்துப்போச்சு என்று சொல்லிவிடலாம். அதுதான் சுலபம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். "முஸ்தி செத்துப்போச்சு, ஒர்வில். திங்கக்கிழமை. தூக்கத்துலயே." கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான். ஆனால் கத்தியைக் கீழே வைத்த பிறகும் நிற்கவில்லை. இது என்ன கூத்து என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதுவும் போக, நாய் செத்தால் எலும்பும் சாகும். ஒர்வில் ஆறுதல் சொல்ல வீட்டுக்கே வருவார். வைனோவிடம் கையைப் பிடித்து வருத்தம் தெரிவிப்பார்.

எப்படிச் சுற்றினாலும் அது வைனோவிடம்தான் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் பாஸ்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வருவது அவன் வழக்கம். நடுவுக்கு வரட்டும் என்று காத்திருந்தாள். வந்ததும் சொன்னாள். பீடிகை எதுவும் இல்லாமல் நேராகச் சொன்னாள். பல் டாக்டர் மனைவி, பை, நாய், நாளைக்கு ஒர்வில் நாயைப் பார்க்க வருவது, எல்லாம்.

வைனோ மெல்லுவதை நிறுத்தினான்.

"இதுலயுமா?"

"இதுலயும்தான்."

"வேட்டைக்குப் போற பசங்க வந்தானுங்களே. அன்னைக்கு?"

"அன்னைக்கும்தான்."

பாஸ்டியைத் தட்டில் வைத்தான். நடுப்பாகம், அவன் கடைசிக்கு என்று வைத்துக்கொள்கிற இடம், அப்படியே இருந்தது. எழுந்து பூட்ஸ் மாட்டினான். லெம்பி பானையைப் பார்த்தாள். அவன் பானையைத் தொடவில்லை. கொல்லைக்குப் போய் விறகு பிளக்க ஆரம்பித்தான். கோடாலி எடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜன்னலருகே நின்று ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் முதுகு மடிந்து நிமிர்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

இரவு அவன் வெறும் ரொட்டி தின்றான். வெண்ணெய்கூடத் தடவவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் வழக்கம்போல சௌனா அடுப்பை மூட்டினான். அது அவன் வேலை. மூட்டிவிட்டு சமையலறை வாசலில் வந்து நின்றான். பூட்ஸில் பனி ஒட்டியிருந்தது.

"இத்தன வருஷம் நாய்க்குப் போட்டதை நான் தின்னிருக்கேன்."

"நாய்க்குப் போட்டதில்ல. உனக்குப் போட்டது. நாய் பேர்ல வாங்கினேன், அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா நாய் வாலாட்டும். நீ ஒரு தடவை ஆட்டியிருக்கியா?"

அவன் சிரிக்கவில்லை. போகவும் இல்லை. பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது. வேறு நாளாக இருந்தால் அவள் கத்தியிருப்பாள்.

"எப்படி இருக்கும்?" என்றான்.

"எது?"

"அந்த நாய்தான். அந்தாளு வந்து கேப்பாரே. என்னன்னு சொல்லி வெச்சிருக்க?"

"கறுப்பு. பெருசு."

"அப்புறம்?"

"முதுகு சரியில்ல. படியேறினா முனகும்."

வைனோ நிமிர்ந்து பார்த்தான்.

"அப்புறம்?"

"காப்பி வாசனை வந்தாத்தான் எழுந்திருக்கும். அதுக்கு முன்னாடி பேச்சுக் குடுத்தா உறுமும். புது ஆளுங்க வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு இது தோன்றவே இல்லை. காது சூடாவது தெரிந்தது. "பாஸ்டியை ஓரத்துலேருந்து தின்னும்," என்று சின்னக் குரலில் முடித்தாள்.

"அதையுமா சொன்ன?"

"ரொட்டின்னு சொன்னேன்."

வைனோ துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சௌனாவுக்குப் போனான்.

ஒர்வில் வருகிறேன் என்ற நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். சர்ச்சுக்குப் போகிற கோட்டு போட்டிருந்தார். கையில் வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம், நூல் கட்டியது. வாசலில் லெம்பி கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள். முற்றத்துப் பனியை ஒர்வில் கூர்ந்து பார்த்தார். மனிதக் கால்தடம் மட்டும்தான் இருந்தது. வீட்டிலிருந்து சௌனாவுக்கு, சௌனாவிலிருந்து விறகுக்கு.

"கொல்லையிலயா?"

"ஒர்வில், கொஞ்சம் உள்ள வாங்க. ஒரு விஷயம்."

"கூப்பிடுங்க, வரட்டும். முஸ்தி! முஸ்தி!"

சௌனாக் கதவு திறந்தது. ஆவி மேகமாக வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து வைனோ வந்தான். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் செக்கச்சிவப்பு, தலையிலிருந்து புகை. முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பனியில் வெறுங்காலோடு நடந்து வந்து, வாசற்படியில் முதல் படியைப் பார்த்து ஒரு முனகல் முனகி ஏறினான்.

ஒர்வில் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "நாய் எங்க?"

"நான்தான் முஸ்தி," என்றான் வைனோ.

லெம்பி கதவைப் பிடித்துக்கொண்டாள். ஒர்வில் வைனோவின் முதுகைப் பார்த்தார். நரைத்த மார்பை, சிவந்த மூக்கைப் பார்த்தார். மூக்கில் பார்வை நின்றது.

"அந்த முள்ளம்பன்றி?"

"அது அவளா சேத்தது."

"மஜ்ஜை?"

"கரண்டில."

ஒர்வில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். கோபமா என்று லெம்பிக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் குனிந்தாள்.

"ஒர்வில், எலும்புக்கு என்ன விலையோ அதைக் கணக்குப் பாத்து..."

"எலும்பை விடுங்க," என்றார். "குப்பைக்குப் போறதுதானே. ஆனா அப்படி ஒரு நாயி இல்லவே இல்லையா?"

"இல்ல."

"இடம் வெச்சிருந்தேன், பலகையில."

அப்போதுதான் லெம்பிக்கு விளங்கியது. இத்தனை நாள் எலும்பைத்தான் எடுத்துக்கொண்டோம் என்று நினைத்திருந்தாள். நிஜத்தில் அவருக்கு ஒரு நாயைக் கொடுத்திருந்தாள். அதை இப்போது திருப்பி வாங்கிக்கொண்டாயிற்று. எலும்புக்கு விலை போடலாம். இதற்கு என்ன செய்வது?

வைனோவின் உடம்பிலிருந்து எழுந்த ஆவி மெலிந்துகொண்டே வந்தது.

"குளிருது," என்றான் கடைசியில். "உள்ள வாங்க. நாயை அவ்வளவு நேரம் வெளிய நிக்க வெக்கறதில்ல."

ஒர்வில் தலையைத் தூக்கிப் பார்த்தார். வாயோரம் ஒரு பக்கம் அசைந்தது.

லெம்பி கிண்ணங்களை வைத்தாள். வறுத்த கிழங்கு, நிசு ரொட்டி, பக்கத்தில் வெண்ணெய், குறைக்காமல். மொயக்காவை ஒர்வில் முதலில் பார்த்தார். பிறகு கரண்டியால் கலக்கினார். ஒரு கறித் துண்டைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இது மூட்டுக்குப் பின்னாடி இருக்கற சதை. இதை நான் கத்தியால சுரண்டக்கூட மாட்டேன். நேரம் போதாது." வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார். "இது என் எலும்பா?"

"போன வாரத்தது."

"வறுத்தீங்களா?"

"வறுத்தேன்."

"அப்புறம் அடுப்புலயா? இவ்வளவு கெட்டியா எப்படி?"

லெம்பி ஜன்னல் வழியாகச் சௌனாவைக் காட்டினாள். அவர் எழுந்து போய் ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வாழ்நாள் முழுக்க மாட்டை அறுத்தவர். அவர் மனைவி டப்பா சூப்பைச் சுடவைத்துக் கொடுப்பாள். அதைத்தான் சூப் என்று நினைத்திருந்தார். வெங்காயத் தோலைக் கேட்டார், அந்த உருண்டை மிளகைக் கேட்டார். பன்றி எலும்பு ஏன் ஆகாது என்று கேட்டு, உப்பு ஏறிவிடும் என்று அவள் சொன்னதும், "அதான் மோந்துகூடப் பாக்கலையா!" என்று மேஜையைத் தட்டினார். ஒவ்வொன்றாக முஸ்தியின் ருசியெல்லாம் அவருக்கு விளங்கிக்கொண்டே வந்தது. இரண்டாவது கிண்ணத்தை அவரே நீட்டினார்.

வைனோ கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். அவன் இடத்தில் கிண்ணம் இருந்தது. லெம்பி அதைப் பார்க்காததுபோல் காப்பிப் பாத்திரத்தைக் கழுவினாள். கழுவினதையே மறுபடியும் கழுவினாள்.

பின்னால் கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. சற்று நேரம் எதுவுமில்லை. பிறகு வரிசையாக.

"வாலுத் துண்டு இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம் நான்," என்றார் ஒர்வில்.

"நான் கேட்டா குடுத்திருப்பீங்களா?" என்றான் வைனோ.

"குலைச்சிருந்தா குடுத்திருப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். லெம்பி திரும்பிப் பார்க்கவில்லை. காப்பி போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கடைக்கு நானும் வர்றேன் என்றான் வைனோ. இனிமேல் காசு கொடுத்துத்தான் வாங்கப்போகிறேன், நாய் கதையெல்லாம் போதும் என்றான். சட்டைப் பையில் நோட்டை மடித்து வைத்துக்கொண்டான். லெம்பி கடைக்குள் வந்ததும் அவனை வண்டியோடு கறிப் பகுதிக்கு அனுப்பிவிட்டு, காது கேட்கிற தூரத்தில் கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவளுக்கு ருட்டபேகா வேண்டியதில்லை. நிலவறையில் இன்னும் இருந்தது.

புதுப் பெண் பின்னலைத் தொப்பிக்குள் சொருகியிருந்தாள். நாய்ப் பலகை அப்படியே இருந்தது. நடுவில் அந்தக் காலி இடமும்.

"என்ன வேணும் ஸார்?"

"எலும்பு."

"சூப்புக்கா, நாய்க்கா?"

"ரெண்டும் வேற வேறயா?"

"எலும்பு ஒண்ணுதான். சூப்புக்குன்னா எடை போட்டுக் காசு வாங்கணும். இப்ப அதுக்கு நல்ல கிராக்கி, பாதிக் கறி விலை. நாய்க்குன்னா சும்மா."

வைனோவின் கை சட்டைப் பையில் இருந்தது. நோட்டைப் பிடித்திருந்தது துணிக்கு மேலேயே தெரிந்தது. அவன் கண்ணாடிக்குள் விலைச் சீட்டைப் பார்த்தான். வேறெங்கோ பார்ப்பதுபோல் பலகையைப் பார்த்துவிட்டு, மறுபடி விலைச் சீட்டைப் பார்த்தான். லெம்பி ஒரு கிழங்கைக் கையில் எடுத்து, அதன் மண்ணை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

வைனோ கையை வெளியே எடுத்தான். கை வெறுமையாக இருந்தது.

"நாய்க்கு," என்றான்.

"என்ன நாய்?"

"கறுப்பு. பெருசு." தொண்டையைச் செருமினான். "வயசாயிடுச்சு. முதுகு சரியில்ல. முழங்கால் மூட்டுதான் தின்னும். குறுக்க அறுத்துக் குடும்மா."

"அறுத்தா?" அந்தப் பெண் ரம்பத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "மஜ்ஜையை எப்படி எடுக்கும்?"

"அது ஒரு மாதிரி எடுக்கும்," என்றான் வைனோ.